யுத்தகாலத் தேசப்படங்களும் வடசென்னைக் கடற்கரையும்

பழைய செய்தித்தாள் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் தலைப்புக்காகச் சேர்ப்பவர்கள். சுதந்திர தினத்தன்று வந்த தாள், காந்தியடிகள் சுடப்பட்ட மறுநாள் வந்த தாள், மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தி வந்த தாள். இவற்றுக்குச் சந்தை உண்டு. சந்தை உள்ள இடத்தில் போலிகளும் உண்டு. நண்பர்கள் சிலராகச் சேர்ந்து நாங்கள் தேடிவருவது இவற்றையல்ல. இரண்டு உலகப் போர்களின்போதும் நாளிதழ்களில், இரண்டு அல்லது மூன்று பத்தி அகலத்தில், செய்திக்குத் துணையாக அச்சான போர்முனை வரைபடங்களைத் தேடுகிறோம். வரைபடம் என்பது பிற்காலச் சொல். அந்நாளில் தேசப்படம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளப் படம். கரடுமுரடான கோடுகள், கடலைக் காட்ட நெருக்கமான கிடைக்கோடுகள், படை நகர்வைக் காட்டத் தடித்த அம்புக்குறிகள். அழகு என்று சொல்ல இவற்றில் அதிகம் இல்லை.

இருந்தும் இவற்றைத் தேடுவதற்குக் காரணம் ஊர். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கடற்கரையில் அன்று வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இரங்கூனும் பினாங்கும் சிங்கப்பூரும் உலகச் செய்தியில் வரும் பெயர்களல்ல. அண்ணனும் மாமனும் இருந்த இடங்கள். டெல்லியிலோ பம்பாயிலோ இருந்தவர் அந்தப் படத்தைப் போர்ச் செய்தியாகப் பார்த்திருக்கலாம். இங்கிருந்தவர் அதைக் கடிதத்தின் இடத்தில் வைத்துப் பார்த்தார்.

வங்காள விரிகுடாவை நடுவில் வைத்து வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அளவுகோலை வைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேர்கோட்டில் இரங்கூன் ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர். டெல்லியும் ஏறக்குறைய அதே தூரம்தான். வரைபடத்தில் சமதூரம், வாழ்க்கையில் இரங்கூன் மிக அருகில் இருந்தது. கப்பலேறினால் போய்விடலாம். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஒழுங்காகப் போய்வந்தன. அவற்றுள் 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன் பெயரைச் சொன்னால் நினைவுகூரக்கூடிய பெரியவர்கள் இன்றும் உண்டு. ஆட்கள் அந்தப் பக்கம் போனார்கள். அரிசியும் தேக்கும் மண்ணெண்ணெயும் இந்தப் பக்கம் வந்தன. மண்ணெண்ணெயைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரை முதன்முதலாகப் போர்ப் படத்தில் இடம்பெற்றது அதனால்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் கார்ல் ஃபான் முல்லரின் 'எம்டன்' கப்பல் சென்னைக் கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்றது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் தேடுவிளக்கை அடித்துச் சுடத் தொடங்கியது. அரைமணி நேரம், சுமார் 125 குண்டுகள். இரண்டு தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. உயிரிழந்தவர் சிலரே. ஆனால் மறுநாள் முதல் நகரத்தை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். அன்று கலங்கரை விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது. நகரத்து விளக்குகளும் அணைக்கப்படவில்லை. போர் ஐரோப்பாவில் நடக்கிறது என்ற நம்பிக்கைதான் காரணம். நீதிமன்ற வளாகத்தின் கிழக்குப் பக்கத்தில் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் கல் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

எம்டன் என்ற சொல் தமிழுக்கு வந்து, பொல்லாத சாமர்த்தியசாலி என்ற பொருளில் தங்கிவிட்டது. 2006-ல் வந்த 'எம் மகன்' திரைப்படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. சொல் தங்கிய அளவுக்குக் காகிதம் தங்கவில்லை. எம்டனின் பயணம் செய்தித்தாள் வரைபடத்துக்கென்றே அமைந்தது போன்றது. ஒரே கப்பல், வளைந்து வளைந்து செல்லும் ஒரே கோடு, வழியில் மூழ்கிய கப்பல்களுக்கு ஒவ்வொரு குறி. சென்னையைச் சுட்டுவிட்டு இலங்கையைச் சுற்றி, அக்டோபரில் தியாகோ கார்சியா தீவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டது. போர் மூண்ட செய்தியே அத்தீவுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை! பிறகு அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அதன் கதையை முடித்தது. இந்தக் கோட்டை வரைந்த படங்கள் அக்காலத்து ஆங்கில இதழ்களிலும் அதன்பின் வந்த எண்ணற்ற புத்தகங்களிலும் உண்டு. அவற்றைக் கவனிக்கும்போது ஒன்று புலப்படும். சென்னை ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் ஒரு தேதி. தொட்டிகள் எங்கே இருந்தன, குண்டுகள் எந்தத் தெருவரை வந்தன என்பதெல்லாம் உலகத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

செம்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்ற கதையை இங்கே எதிர்பார்ப்பவர்கள் இருக்கலாம். அதற்குச் சான்று இல்லை. நாம் விரும்பும் கதை என்பதற்காக அதை வரலாறாக்க இயலாது என்பதோடு மேலே செல்வோம்.

* * *

இப்படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால்தான் அசலையும் நகலையும் பிரிக்க முடியும். ஓவியர் கறுப்பு மையால் பெரிய அளவில் வரைவார். அதைப் புகைப்படமாகச் சுருக்கி, ஒளிபட்டால் இறுகும் பூச்சுப் பூசிய துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரிப்பார்கள். கோடுள்ள இடம் மேடாக நிற்கும், மற்றவை பள்ளமாகும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்தால் பிளாக். ஈய எழுத்துக்களோடு அதையும் சட்டத்தில் முடுக்கி அச்சடிப்பார்கள். நிழலும் மென்சாயலும் இந்த முறையில் வரா. கோடு உண்டு அல்லது இல்லை. அதனால்தான் கடல் முழுவதும் கிடைக்கோடுகள், எதிரி வசமான நாடு முழுவதும் சாய்கோடுகள்.

எழுத்துக்கள் பெரும்பாலும் கையெழுத்து. ஒரே ஊருக்கு ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு விதமாக எழுத்துக் கூட்டியிருப்பது தனிச் சுவை. ரங்கூன், இரங்கூன், ரெங்கூன், பெனாங், பினாங்கு. 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' ஒரு தலைமுறைக்கு உலக ஊர்களின் பெயர்களைக் கற்பித்த இதழ். 1934-ல் தி.ச. சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு வந்த 'தினமணி' எளிய நடையில் அடுத்த வரிசை வாசகர்களைப் பிடித்தது. 'தினத்தந்தி' 1942 நவம்பரில், போரின் நடுவில், மதுரையில் பிறந்தது. போர் தமிழ் நாளிதழுக்கு வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்றே சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பது அக்காலத்து வழக்கம். அந்தப் பத்துப் பேரும் எழுத்தறியாவிட்டாலும் படத்தைப் பார்க்கலாம். அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

தேடுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 'தி ஹிந்து' 1958 ஜனவரி வரை முதல் பக்கத்தில் விளம்பரங்களையே வெளியிட்டுவந்தது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கட்டை மூடிவிடக் கூடாது. போர் உள்ளே இருக்கும்.

தாளுக்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவில் செய்தித்தாள் காகிதம் செய்யும் ஆலை 1950-களின் நடுவில் நேபாநகரில்தான் முதலில் வந்தது. அதுவரை கனடாவிலிருந்தும் நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளிலிருந்தும் கப்பலில் உருளைகளாக வந்த காகிதம்தான். கப்பல் போக்குவரத்து போரில் சிக்கியதும் காகிதம் அரிதாயிற்று, அரசின் கட்டுப்பாடு வந்தது, பக்கங்கள் சுருங்கின. படத்தில் காட்டிய அதே கடலைக் கடந்து துறைமுகத்தில் இறங்கிய காகிதத்தில்தான் படமே அச்சானது. அந்தத் தட்டுப்பாட்டில் பழைய தாளுக்கே நல்ல விலை. படித்து முடித்த தாள் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விடும். யுத்தகாலத் தாள்கள் வீடுகளில் அதிகம் மிஞ்சாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

* * *

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் மலாயாவின் வடகோடியில் கோத்தபாருவில் இறங்கினர். அதே மாதத்தின் நடுவில் பினாங்கை ஆங்கிலேயர் கைவிட்டனர். டிசம்பர் 23-ல் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர், பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர், மார்ச் 8-ல் இரங்கூன், மார்ச் 23-ல் அந்தமான். இந்தத் தேதிகளை இன்று வரிசையாக எழுதிவிடுகிறோம். நாள்தோறும் தாளை எதிர்பார்த்திருந்தவருக்கு இவை வரிசையாக வரவில்லை. அதிகார அறிக்கைகள் பின்வாங்கியதை ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொள்ளும். அதுவும் 'முன்னரே தீர்மானித்த நிலைகளுக்கு' நகர்ந்ததாகச் சொல்லும். செய்தி மழுப்பலாம், படம் அவ்வளவு எளிதாக மழுப்ப முடியாது. நேற்றைய படத்தில் கோட்டுக்குத் தெற்கே இருந்த ஊர் இன்றைய படத்தில் வடக்கே இருந்தால் அது போய்விட்டது என்று பொருள். இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே அடுத்தடுத்த நாள் தாள்களைச் சேர்த்து வைத்தவர்கள் உண்டு. சேகரிப்பாளனுக்கு இது முக்கியமான பாடம். போர்ப் படம் தனித்து நின்றால் அரைப்பொருள்தான். முந்தைய நாள் படத்தோடு வைத்தால்தான் அது பேசும்.

தபால் நின்றுவிட்ட மாதங்கள் அவை. இரங்கூனிலிருந்து கிளம்பினார்களா, எந்த வழியில் கிளம்பினார்கள் என்று வீட்டாருக்குத் தெரிய வழியில்லை. ஐந்து லட்சம் இந்தியர்கள் அளவில் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் நடந்தே, அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் காட்டுப் பாதைகள் வழியாகவும். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு அந்த நடையை நடந்து வந்தவர். அவருடைய பர்மா வழிநடைப் பயண நூல் தமிழில் அதற்குக் கிடைத்த அரிய நேர்ச் சாட்சி. அதை வாசித்தவர்கள் ஒரு படத்தையும் அருகில் வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கும்படி வேண்டுகிறோம். செய்தித்தாள் படங்களில் மாண்டலேக்கும் இம்பாலுக்கும் இடையே இருப்பது அநேகமாக வெள்ளைக் காகிதம். மலை, ஆறு, பாதை எதுவும் இராது. ஏனென்றால் படைகள் அங்கே அப்போது போரிடவில்லை. மக்கள் நடந்தது முழுக்க அந்த வெள்ளையில்தான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' சொல்லும் மலேயா, சுமத்திரா உலகமும் செய்தித்தாள் படத்தில் ஓர் அம்புக்குறியின் அடியில் மறைந்துபோன உலகமே.

பணம் போட்டவர்களின் கணக்கு வேறு. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் நிலத்தில் கால்பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கு வந்திருந்தது. மண்ணடித் தெருக்களில் அவர்களுக்கு விடுதிகளும் வியாபாரத் தொடர்புகளும் உண்டு. ஐராவதிக் கழிமுகத்தை அவர்கள் படத்தில் பார்த்த பார்வையும், கூலிக்குப் போன மகனைத் தேடிய திருவொற்றியூர்த் தாயின் பார்வையும் ஒன்றல்ல. ஆனால் இருவரும் பார்த்தது ஒரே அணாவுக்குக் கிடைத்த ஒரே படத்தை.

உலகின் மறுகோடியில் வரைபட மோகம் வேறு விதமாக இருந்தது. சிங்கப்பூர் விழுந்து எட்டாம் நாள், 1942 பிப்ரவரி 23-ல், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் வானொலி உரையைக் கேட்பவர்கள் உலக வரைபடம் ஒன்றை முன்னால் விரித்து வைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். கடைகளில் படங்கள் பறந்தன. 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' ஓவியர் சார்லஸ் ஓவென்ஸ் முழுப்பக்க வண்ணப் போர்ப் படங்களை வரைந்தார். 'ஃபார்ச்சூன்' இதழில் ரிச்சர்ட் எட்ஸ் ஹாரிசன் பூமியை வானத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற படங்களை வரைந்தார். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுவது இவற்றைத்தான். நம் பக்கத்துத் துத்தநாகப் படங்களுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. அமெரிக்க வாசகர் படத்தைப் பார்த்து உலகம் எவ்வளவு சிறியது என்று அறிந்தார். எண்ணூர்க்காரருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

* * *

அந்தமான் வீழ்ந்தபின் ஜப்பானியர் சென்னையிலிருந்து 1,400 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டனர். ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டுவீச்சு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9-ல் திருகோணமலை, அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த வாரத்தில் வங்கக் கடலில் சுமார் இருபது சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்தது சென்னை என்றே எல்லோரும் நினைத்தனர். இருந்தே ஆகவேண்டிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டு வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. 1941 கணக்கெடுப்பில் ஏழே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த நகரம் சில நாட்களில் காலியானது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் நாகுமோவின் கப்பற்படை திரும்பிப் போய்விட்டது. சென்னைத் துறைமுகத்தின் மேல் ஒரேயொரு ஜப்பானிய விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில்தான், சேதம் சொற்பம்.

இந்த வாரங்களின் தாள்களில்தான் எங்களுக்கு மிகவும் உறுத்தும் விஷயம் இருக்கிறது. இரங்கூன் துறைமுகம் எப்படி இருக்கும் என்று படம் உண்டு. சிங்கப்பூர்த் தீவின் நீர்த்தேக்கங்கள், பாலம் வரை படம் உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குப் படம் தேடினால் கிடைக்காது, கிடைக்கவும் முடியாது. 1939-ன் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் துறைமுகம், கப்பல் நடமாட்டம், படைநிலை முதலியவற்றைப் பற்றி எதிரிக்கு உதவக்கூடிய எதையும் வெளியிடுவது குற்றம். எண்ணெய்த் தொட்டிகள், ரயில்வே யார்டுகள், செங்குன்றம் ஏரியில் இறங்கிய விமானப் படையின் நீர்விமானங்கள் எதுவும் தாளில் வராது. ஆக, தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த இராயபுரத்து வாசகர், தமக்குத் தொலைவில் உள்ள அத்தனை ஆபத்தையும் படமாகப் பார்த்தார். தம் தலைக்கு மேலிருந்த ஆபத்தை மட்டும் பார்க்கவில்லை. 1914-ல் நம் ஊர் ஒரு புள்ளி. 1942-ல் அந்தப் புள்ளிக்கும் உள்ளே பார்க்கக் கூடாது.

எதிரிக்குப் படம் இல்லாமலா இருந்தது? ஜப்பானிய ராணுவம் ஆசியா முழுவதற்கும் வரைபடங்கள் தயாரித்தும் பிறர் படங்களை நகலெடுத்தும் வைத்திருந்தது. கய்ஹோசு எனப்படும் அத்தொகுதி இன்று ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இந்தியப் பகுதிகளுக்கான தாள்களும் அதில் உண்டு. மறைக்கப்பட்டது யாரிடமிருந்து என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. போர்க்காலத்தில் தணிக்கை வேண்டாம் என்று வாதாடுவதல்ல நம் நோக்கம்; எந்த அரசும் அதைச் செய்திருக்கும். ஆனால் ஒரு வட்டாரத்தின் வரலாற்றை எழுத வருபவன், அந்த இடைவெளியை வெறுமை என்று எண்ணிவிடக் கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகும் கடலோரப் பகுதிகளின் விரிவான நில அளவைப் படங்கள் பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு எட்டாமலே இருந்தன. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி ஒன்றோடொன்று ஒவ்வாத அரசு வரைபடங்கள் இருப்பது 2017-ல் பெரிய விவாதமாயிற்று; அதில் மீனவர்களுக்கு இருந்த அக்கறை காகித அக்கறையல்ல, பிழைப்பு. படத்தில் எது இருக்கிறது என்பது இந்தக் கடற்கரையில் என்றுமே ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை.

* * *

இனிச் சேகரிப்பைப் பற்றி. எங்கள் குழாத்தில் நெடுநாள் நடந்த வாக்குவாதம் ஒன்றுண்டு. படத்தை மட்டும் வெட்டி எடுத்து வைப்பதா, தாள் முழுவதையும் வைப்பதா? வெட்டி வைப்பவருக்கு இடம் மிச்சம். சட்டம் போட்டு மாட்டலாம். வெளிநாட்டு வியாபாரிகள் இப்படித்தான் பழைய தொகுப்புகளைப் பிரித்துத் தனித்தனியே விற்கிறார்கள். எங்கள் முடிவு இதற்கு நேர்மாறு. வெட்டிய படத்தில் தேதி போய்விடுகிறது. தேதி இல்லாத போர்ப் படம், முகவரி இல்லாத கடிதம். பக்கத்துப் பத்தியில் இருக்கும் கப்பல் கம்பெனி விளம்பரம், அரிசி விலை, ஒளிமறைப்பு அறிவிப்பு எல்லாம் போய்விடுகின்றன. பின்பக்கம் வேறொரு செய்தி நடுவில் அறுபட்டு நிற்கிறது. முக்கியமாக, வாசித்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு போய்விடுகிறது. ஓர் ஊர்ப் பெயரைச் சுற்றி வரைந்த வட்டத்துக்கு அச்சடித்த படத்தைவிட அதிக மதிப்பு உண்டு என்போம். அந்த ஊரில் யாரோ இருந்திருக்கிறார்.

பெரிய நூலகங்களே தாள்களைக் கைவிட்ட காலமும் உண்டு. மைக்ரோபிலிம் எடுத்தாயிற்று, இனி மூலம் எதற்கு என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கட்டுக்கட்டாகக் கழித்தார்கள். 1999-ல் பிரிட்டிஷ் நூலகம் அப்படிக் கழித்த தொகுப்புகளைக் காப்பாற்ற எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் சொந்தப் பொறுப்பில் இறங்கினார். 2001-ல் அவர் எழுதிய 'டபிள் ஃபோல்ட்' இது பற்றிய கோபமான புத்தகம். அவர் மீட்ட தாள்கள் பின்னர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பேக்கரின் கோபத்தில் மிகை உண்டு. மைக்ரோபிலிம் இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் எத்தனையோ தாள்கள் சுவடே இல்லாமல் போயிருக்கும். ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளில் மெல்லிய கடற்கோடுகள் ஒன்றாய்க் கலங்கிக் கறையாகிவிடுவதைப் பார்த்தவர்கள் அவர் பக்கமும் சற்றுச் சாயத்தான் செய்வார்கள்.

நமக்கு முன்னோடி கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். வாழ்நாளெல்லாம் புத்தகமும் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, நாடு கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. தனி மனிதர் சேர்க்காவிட்டால் நிறுவனத்துக்குக் கிடைப்பது எதுவுமில்லை என்பதற்கு அவரே சாட்சி. வடசென்னையில் அத்தகைய ஊற்றாக இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. எஞ்சியவை காயலான் கடைகளும் பழைய பேப்பர் கடைகளும்தான். அங்கே எதுவும் எடைக்குத்தான் வரும், எடைக்குத்தான் போகும்.

அசலை அறியும் வழி சுருக்கமாக. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நினைவு மலர்களுக்காகப் பிற்காலத்தில் மறுபதிப்பான பக்கங்களின் பின்புறம் வெறுமையாகவோ பொருந்தாத செய்தியோடோ இருக்கும். அடுத்து, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பிளாக் அச்சில் கோடுகள் காகிதத்தில் அழுந்திய தடம் தெரியும். ஆப்செட் அச்சில் தடம் இராது. மூன்றாவது, காகிதம். மரக்கூழ்க் காகிதம் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். சீராகப் பழுப்பேறிய தாளென்றால் தேநீரில் நனைத்தார்களோ என்று சந்தேகிக்கலாம்.

பேணுவதில் செய்யக் கூடாதவையே அதிகம். செல்லோடேப் ஒட்டக் கூடாது; லாமினேட் செய்யவே கூடாது. மடிப்பில் வைத்தால் மடிப்பில் முறியும். ஆகவே விரித்துப் படுக்கையாக, அமிலமற்ற அட்டைகளுக்கு நடுவே. வெயில் படும் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் படம் போய்விடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் கரையானும் மும்மூர்த்திகள். ஐப்பசி கார்த்திகையில் பெட்டியைத் திறக்காமலிருப்பது உத்தமம், தையில் ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும்.

மறுகரையிலிருந்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1935 முதல் வரும் 'தமிழ் முரசு' அதில் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் வந்த ஆங்கிலத் தாளான 'சியோனன் ஷிம்புன்' கூட உண்டு. 1944-ல் இம்பால், கோஹிமாவில் நடந்த சண்டையை இரு கரைத் தாள்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அம்புகள் மட்டுமல்ல, படத்தின் நடுப்புள்ளியே இடம் மாறியிருக்கும்.

கிடைக்காமல் இருப்பது இரங்கூன் பக்கம். அங்கே தமிழில் 'தனவணிகன்' வந்தது, ஏ.கே. செட்டியார் அதன் ஆசிரியராக இருந்திருக்கிறார். வெ. சாமிநாத சர்மாவின் 'ஜோதி' வந்தது. நடந்து வந்தவர்கள் அரிசியைச் சுமந்தார்கள், குழந்தையைச் சுமந்தார்கள். செய்தித்தாளைச் சுமக்க யாருக்கு மனம் வரும்? பர்மாவிலிருந்து அடுத்த அலை 1960-களில் வந்தது. அவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்ந்தார்கள். பாரிமுனைக்கு அருகே அத்தோ விற்கும் கடைகள் அவர்கள் தந்தவை. அந்தக் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் கப்பல் சீட்டும் அடையாளச் சீட்டும் இருக்கும்; அவற்றின் அடியில் விரித்திருக்கும் பழைய தாளை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இதை வாசிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படியொரு பெட்டி இருந்தால், அடித்தாளை உருவி எறிவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். படம் இருந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். எழுதுங்கள், நாங்கள் வந்து பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், தாள் உங்களிடமே இருக்கட்டும்.